இரும்புக் கன்னி பிறந்த கதை

ஏழடி உயரம், மூன்றடி அகலம். மேலே சலனமில்லாத ஒரு பெண் முகம். கழுத்துக்குக் கீழே தரை வரைக்கும் விரிந்து இறங்கும் அங்கி. அந்த அங்கிதான் பெட்டி. முன்பக்கம் இரட்டைக் கதவு. திறந்தால் உள்ளே நீள நீளமாக ஆணிகள். நெஞ்சுக்குச் சில, வயிற்றுக்குச் சில, கண்களுக்கு நேராக இரண்டு. ஆளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

இதற்குப் பெயர் இரும்புக் கன்னி. இடைக்கால ஐரோப்பாவின் சித்திரவதை என்றதும் சினிமாவிலும் காமிக்ஸிலும் கம்ப்யூட்டர் விளையாட்டிலும் முதலில் வந்து நிற்கிற உருவம். 1975இல் லண்டனில் தொடங்கிய புகழ்பெற்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்கும் இதே பெயர்தான்.

இத்தனை பேர் அறிந்த இந்தக் கருவியை இடைக்காலம் மட்டும் அறிந்திருக்கவில்லை. அந்தக் காலத்துத் தீர்ப்புகளிலும் சட்ட நூல்களிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இடைக்காலம் முடிந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில், படித்த மனிதர் ஒருவரின் மேசையில் இது பிறந்தது. முதலில் கதையாகப் பிறந்து, பிறகுதான் அதற்கு உடம்பு வந்தது.

அந்தப் படித்த மனிதர் யோஹான் ஃபிலிப் ஸீபென்கேஸ். 1759இல் நியூரம்பெர்க்கில் பிறந்தவர். கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோவின் நூலைப் பதிப்பிக்கும் வேலையில் இறங்கியவர். பக்கத்திலிருந்த ஆல்ட்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1790களில் தன் சொந்த ஊரின் வரலாறு பற்றியும் எழுதினார். அதில்தான் இந்தச் சம்பவம் வருகிறது: 1515 ஆகஸ்ட் 14 அன்று நியூரம்பெர்க்கில் கள்ள நாணயம் அடித்த ஒருவனை இரும்புக் கன்னிக்குள் நிறுத்திக் கதவை மெதுவாக மூடினார்கள். ஆணிகள் கை, கால், வயிறு, நெஞ்சு, கண் என்று பல இடங்களில் இறங்கின. ஆனால் உயிர் போகும் அளவுக்கு ஆழமாக இறங்கவில்லை. உள்ளேயே இரண்டு நாள் அலறிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவன் செத்தான்.

தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, குற்றம் இருக்கிறது. எழுதியவரோ பேராசிரியர். நம்பாமல் இருக்க முடியுமா? பிறகு வந்தவர்கள் எல்லாம் இதையே எடுத்து எழுதினார்கள். ஒரு தேதியைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால் மீதியை யாரும் சரிபார்ப்பதில்லை.

சரிபார்த்தால் கதை நிற்காது. அக்காலத்து ஜெர்மானிய நகரங்கள் தண்டனை விஷயத்தில் கணக்குப் பிசகாதவை. எந்தக் குற்றத்துக்கு எப்படிச் சாவு என்பதில் ஒரு பட்டியலே இருந்தது. 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பெயரால் வந்த ‘கரோலினா’ என்ற குற்றவியல் சட்டம் அந்தப் பழைய வழக்கங்களை ஒழுங்குபடுத்தி எழுதியது. வாளால் வெட்டுதல், தூக்கு, சக்கரத்தில் முறித்தல், எரித்தல், நீரில் மூழ்கடித்தல் என்று எல்லாம் அதில் உண்டு. கள்ள நாணயம் அடித்தவனுக்கு என்ன? தீ. அவனை எரிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆணிப் பெட்டி எங்கும் வரவில்லை.

இன்னொரு சாட்சி நியூரம்பெர்க்கிலேயே இருக்கிறார். பெயர் ஃபிரான்ஸ் ஷ்மிட். 1578 முதல் 1617 வரை அந்த நகரத்தில் மரண தண்டனைகளை நிறைவேற்றியவர் அவர்தான். தொழில் வாழ்க்கை முழுவதிலும் 350க்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தவர். ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார்: யார், என்ன செய்தான், எந்த நாளில், எந்த முறையில். வாள், கயிறு, சக்கரம், தீ எல்லாம் அந்தக் குறிப்பில் வருகின்றன. கன்னி வரவில்லை. குழந்தையைக் கொன்ற பெண்களை ஆற்றில் மூழ்கடிக்கும் பழைய வழக்கத்தை 1580இல் மாற்ற வைத்து, அதற்குப் பதிலாக வாளைக் கொண்டுவந்தவரும் இவரே. தன் தொழிலின் முறைகளைப் பற்றி நகரசபையோடு வாதாடும் அளவுக்கு அக்கறை கொண்ட ஒருவர், ஊரிலேயே இருந்த ஏழடி இயந்திரத்தைப் பார்க்காமல் விட்டிருப்பாரா?

யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் குணத்துக்கே இந்தப் பெட்டி ஒத்துவராது. அன்றைய மரண தண்டனை ஊர் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சி. குற்றவாளி வீதி வழியே போவான், பாதிரியார் கூட வருவார், கூட்டம் ஜெபம் சொல்லும். தண்டனை நிறைவேற்றுபவர் ஒரே வெட்டில் முடிக்கிறாரா என்று ஊரே கவனிக்கும். கை தவறினால் அவர் மேல் கல் விழும் அபாயமும் உண்டு. எல்லோரும் பார்த்துப் பயப்பட வேண்டும், எல்லோரும் பார்த்துத் திருந்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இரும்புக் கன்னியின் கதவை மூடிவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது?

ஆளைப் பெட்டிக்குள் வைத்து இயந்திரத்தின் பொறுப்பில் விடுவது வேறொரு காலத்தின் எண்ணம். ஸீபென்கேஸ் இதை எழுதிய அதே ஆண்டுகளில் பாரீஸில் நிஜமாகவே ஓர் இயந்திரம் தலைகளைச் சீவிக்கொண்டிருந்தது. கில்லட்டின் முதன்முதலாக இயங்கியது 1792 ஏப்ரலில். வலியைக் குறைக்கும் மனிதாபிமானக் கருவி என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். சாவை இயந்திரத்திடம் ஒப்படைத்த தலைமுறை அது. தன் முன்னோர்களுக்கும் ஓர் இயந்திரம் இருந்ததாக, ஆனால் அது குரூரமானதாக இருந்ததாக நினைத்துக்கொள்வது அந்தத் தலைமுறைக்கு எளிதாக இருந்தது.

கன்னியின் உருவம் எங்கிருந்து வந்தது? கிரேக்க நூல்களில் அது ஏற்கெனவே இருந்தது. பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர், கி.மு. 200 வாக்கில் ஸ்பார்ட்டாவை ஆண்ட நாபிஸ் என்ற கொடுங்கோலனைப் பற்றி எழுதியிருக்கிறார். நாபிஸ் தன் மனைவி அப்பேகாவைப் போலவே ஒரு பொம்மை செய்து, விலையுயர்ந்த உடை உடுத்தி வைத்திருந்தானாம். பணம் தர மறுக்கும் செல்வந்தர்களை முதலில் நயமாகக் கேட்பான். மசியாவிட்டால், என் மனைவி கேட்டால் தருவாய் என்று பொம்மையிடம் அழைத்துப் போவான். அது அணைக்கும். உடைக்குள் மறைந்திருந்த ஆணிகள் உடம்பில் ஏறும். ரோமானியத் தளபதி ரெகுலுஸைக் கார்த்தேஜ்காரர்கள் ஆணி அடித்த பெட்டிக்குள் நிறுத்திக் கொன்றதாக இன்னொரு பழைய கதை உண்டு. புனித அகஸ்டினும் அதைக் குறிப்பிடுகிறார். கிரேக்கமும் லத்தீனும் படித்த எந்த ஐரோப்பியருக்கும் இவை பழக்கமான கதைகள். பேராசிரியரின் கற்பனைக்கோ அவர் காதில் விழுந்த ஊர்ப்பேச்சுக்கோ விதை இங்கிருந்தே வந்திருக்க இடமுண்டு.

கதை பரவியதும் ஒரு நெருக்கடி வந்தது. கேட்டவர்கள் கருவியைப் பார்க்க விரும்பினார்கள்.

அப்படித் தேடிப் போனவர்களில் ஒருவர் ராபர்ட் பியர்சல். இங்கிலாந்துக்காரர், இசையமைப்பாளர், ஜெர்மனியில் குடியேறியவர். பழம்பொருள் பைத்தியம். நியூரம்பெர்க்கில் விசாரித்தார். இருந்தது, இப்போது இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. விடாமல் தேடி, கடைசியில் ஆஸ்திரியாவில் ஃபைஸ்ட்ரிட்ஸ் என்ற கோட்டையில் ஒரு பிரபுவின் சேகரிப்பில் கன்னியைக் கண்டுபிடித்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் குழப்பத்தில் நியூரம்பெர்க்கிலிருந்து வெளியேறிய சாமான்களோடு வந்தது என்று அதற்கு ஒரு பூர்வீகமும் சொல்லப்பட்டது. லண்டன் பழம்பொருள் ஆய்வுச் சங்கத்தின் ஆய்விதழில் 1838இல் அவர் கட்டுரை வந்தது. கன்னியின் முத்தம் என்பது அதன் பொருள். மரண தண்டனை பெற்றவனைக் கன்னியை முத்தமிடச் சொல்லி அனுப்புவார்கள், காலடியில் பொறிக்கதவு திறக்கும் என்ற வழக்குக் கதைகளை எல்லாம் சேர்த்து அவர் எழுதியிருந்தார்.

தேடினால் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு கன்னிகள் பெருகத் தொடங்கினார்கள். செய்முறையை அவிழ்த்துக் காட்டியவர் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் சட்ட வரலாற்றுப் பேராசிரியர் வொல்ஃப்காங் ஷில்ட். அருங்காட்சியகங்களிலும் கிடங்குகளிலும் கிடந்த வெவ்வேறு பழைய சாமான்களை ஒட்டவைத்து, கண்காட்சிக்காகவே உருவாக்கப்பட்டவை இவை என்கிறார். அடிப்படைச் சாமான் பெரும்பாலும் ஒன்றுதான்: அவமான அங்கி. அது இடைக்காலத்துக்குப் பிந்தைய நிஜமான தண்டனைக் கருவி. மரத்தால் செய்து தகரம் அடித்த பீப்பாய் போன்ற ஒன்று. திருட்டு வேட்டைக்காரர்கள், பாலியல் தொழில் செய்த பெண்கள் ஆகியோரை அதற்குள் மாட்டி, தலை மட்டும் வெளியே தெரிய, ஊர் நடுவே நிறுத்துவார்கள் அல்லது வீதியில் நடக்கவிடுவார்கள். கனமானது, அசிங்கப்படுத்துவது, ஆனால் கொல்லாது. உள்ளே ஒரு ஆணி கூடக் கிடையாது.

அந்த அங்கிக்கு ஒரு தலையைச் செய்து பொருத்தி, உள்பக்கம் ஆணிகளை வரிசையாக இறக்கிவிட்டால் கன்னி தயார். மரம் பழையது, தகரம் பழையது, துருவும் பழையது. பார்க்கிறவர் எதைச் சந்தேகிப்பார்? கள்ள நாணயக்காரனைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட கருவியே இப்படிக் கள்ளச் சரக்காகிவிட்டது.

நியூரம்பெர்க்குக்கு அப்போது இப்படிப்பட்ட சரக்கு தேவையாகவும் இருந்தது. பல நூற்றாண்டுகள் சுதந்திர நகரமாக இருந்த ஊர், கடனில் மூழ்கி, 1806இல் பவேரியாவோடு இணைந்துபோனது. அதே காலத்தில் ஜெர்மானியக் கவிஞர்களும் ஓவியர்களும் அதன் கோணல் கூரைகளையும் கோட்டையையும் கொண்டாடத் தொடங்கினார்கள். 1835இல் ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது நியூரம்பெர்க்குக்கும் ஃபியூர்த்துக்கும் இடையேதான். ரயில் பாதைகள் நீண்டன, சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பழைய நகரத்தின் அழகோடு கொஞ்சம் பயமும் வேண்டியிருந்தது. கோட்டையின் ஐந்துமூலைக் கோபுரத்தில் சித்திரவதைக் கருவிகளின் கண்காட்சி வைக்கப்பட்டது. நடுநாயகமாக இரும்புக் கன்னி. அதன் படம் போட்ட தபால் அட்டைகள் விற்றன.

நகரமண்டபத்தின் அடியில் நிஜமான பாதாளச் சிறை ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 12 குறுகிய அறைகளும் ஒரு விசாரணை அறையும். நகரத்தில் சித்திரவதை நடந்தது அங்கேதான். ஆனால் கோபுரத்திலிருந்த பொம்மைதான் உலகப் புகழ் பெற்றது.

1890 வாக்கில் கோட்டைச் சேகரிப்பைச் சேர்ந்தது என்ற முத்திரையோடு ஒரு கன்னியும் கூடவே பல வதைக் கருவிகளும் லண்டன் வியாபாரி வழியாக ஷ்ரூஸ்பரி பிரபுவிடம் போய்ச் சேர்ந்தன. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தபோது கன்னி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மின்விளக்குகளும் புதிய இயந்திரங்களும் மனித முன்னேற்றத்தைப் பறைசாற்றிய அந்தத் திருவிழாவில், முன்னேற்றத்துக்கு முந்தைய இருட்டுக்கு அடையாளமாக அது நின்றது. அதன் பிறகு அமெரிக்க நகரங்களில் சுற்றுப்பயணம். ரசிகர்களுக்கு விளக்கப் பட்டியல் புத்தகமும் அச்சிட்டு விற்றார்கள்.

அதே 1893இல் பிராம் ஸ்டோக்கர் ஒரு சிறுகதை எழுதினார். ‘டிராகுலா’ வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கதை நடப்பது நியூரம்பெர்க் கோட்டையில். வாயாடி அமெரிக்கப் பயணி ஒருவன் மதில் மேலிருந்து கல்லைப் போட, கீழே ஒரு பூனைக்குட்டி செத்துப்போகிறது. தாய்ப்பூனை பின்தொடர்கிறது. சித்திரவதைக் கோபுரத்தில் அந்த அமெரிக்கன் விளையாட்டாகக் கன்னிக்குள் ஏறி நிற்கிறான். காவலாளி கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பூனை காவலாளியின் முகத்தில் பாய்கிறது. இரும்புக் கன்னி கொன்ற முதல் ஆள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இந்தக் கற்பனைப் பாத்திரத்தைத்தான் சொல்லலாம். பழங்காலக் கைதி அல்ல, டிக்கெட் வாங்கி வந்த சுற்றுலாப் பயணி.

கன்னி தனியாகப் பிறக்கவில்லை, உடன்பிறப்புகள் உண்டு. வாய்க்குள் வைத்துத் திருகினால் இதழ் இதழாக விரியும் ‘வேதனைப் பேரிக்காய்’ பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. இடைக்காலத்தில் அதைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. சிலுவைப்போருக்குப் போன வீரர்கள் மனைவிமாருக்குப் பூட்டிவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் கற்புக் கச்சையும் அப்படியே. 1405இல் கோன்ராட் கீசர் எழுதிய போர்க்கருவி நூலில் அதன் ஓவியம் ஒன்று உண்டு. ஆனால் விளையாட்டும் வேடிக்கையும் கலந்த நூல் அது. ஆல்பிரெக்ட் கிளாசன் என்ற ஆய்வாளர் 2007இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி அந்தக் கட்டுக்கதையைப் பிரித்துப் போட்டார். எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய கதையில் கைதியின் மேல் மெல்ல மெல்ல இறங்கிய ஊசல் கத்தியும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். 19ஆம் நூற்றாண்டு தன் தாத்தாக்களுக்காக உட்கார்ந்து கண்டுபிடித்த இயந்திரங்கள் இவை.

அப்படியானால் இடைக்காலம் சாதுவானதா? இல்லை. நிஜம் வேறு மாதிரி இருந்தது, பல விதங்களில் இன்னும் மோசமாக.

12ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் ஒருவன் குற்றவாளியா என்பதைக் கடவுளிடம் கேட்டார்கள். காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்வது, கையைக் கட்டித் தண்ணீரில் இறக்குவது. பாதிரியார் முன்னிலையில் நடக்கும். 1215இல் ரோமில் கூடிய நான்காவது லாத்தரன் திருச்சபைப் பேரவை, பாதிரியார்கள் இனி இதில் பங்கெடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. கடவுள் தீர்ப்பு போய், மனிதத் தீர்ப்பு வந்தது. மனிதன் தவறக்கூடியவன், அதனால் சட்ட அறிஞர்கள் சாட்சியத்துக்குக் கடுமையான அளவுகோல் வைத்தார்கள்: மரண தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவில் நடந்த கொலைக்கு இரண்டு சாட்சிகளுக்கு எங்கே போவது? மிஞ்சியது ஒப்புதல் வாக்குமூலம். அதை வரவழைக்கக் கயிறு வந்தது. அப்பாவியைத் தவறுதலாகத் தண்டித்துவிடக் கூடாது என்று வைத்த உயரமான வேலியே சித்திரவதையின் வாசலாகிப்போனது. 1252இல் போப் நான்காம் இன்னசென்ட் சமயப் புரட்டர்களை விசாரிக்கும்போது அதை அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: உறுப்பு சேதமாகக் கூடாது, உயிருக்கு ஆபத்து வரக் கூடாது.

இந்த நிபந்தனையைக் கவனியுங்கள். ஆணிப் பெட்டி இந்த விதிக்குள் அடங்கவே அடங்காது. அடங்கியது எது? கைகளைப் பின்னால் கட்டிக் கப்பியில் கயிறு போட்டு மேலே இழுப்பது. தோள் மூட்டு கழலும், ரத்தம் வராது. சட்ட வல்லுநர்கள் இதை வதைகளின் அரசி என்றே அழைத்தார்கள். தேவைப்பட்டால் காலில் கல்லைக் கட்டலாம். பிறகு கட்டைவிரல் திருகி, கால் இடுக்கி, இழுத்து நீட்டும் கட்டில். இவ்வளவுதான் பட்டறை. ஊர்த் தச்சனும் கொல்லனும் ஒரு நாளில் செய்துவிடக்கூடியவை.

இவற்றைச் சுற்றி இருந்த ஒழுங்குதான் நடுங்க வைப்பது. நியூரம்பெர்க் பாதாளச் சிறையில் விசாரணையின்போது நகரசபையின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தர் குறித்துக்கொள்வார். போதுமான சந்தேக அடையாளம் இல்லாமல் கயிற்றைத் தொடக் கூடாது என்கிறது கரோலினா சட்டம். வலியில் சொன்னது மட்டும் செல்லாது. அறையை விட்டு வெளியே வந்த பிறகு அதையே அவன் மறுபடி சொல்ல வேண்டும். நல்ல பாதுகாப்பு விதி. மறுபடி சொல்ல மறுத்தால்? மறுபடி உள்ளே அழைத்துப் போகலாம்.

இங்கிலாந்தில் நடுவர் குழு முறை இருந்ததால் வாக்குமூலம் அவ்வளவு அவசியப்படவில்லை. அங்கே சித்திரவதை செய்ய அரசரோ அரசவைக் குழுவோ எழுத்தில் உத்தரவு தர வேண்டும். 1540 முதல் 1640 வரையிலான நூறாண்டில் அப்படிப்பட்ட 81 வழக்குகளை வரலாற்றாசிரியர் ஜான் லாங்பைன் கணக்கெடுத்திருக்கிறார். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸுக்காக முதலாம் ஜேம்ஸ் எழுதிய உத்தரவு இன்றும் இருக்கிறது. முதலில் மென்மையான வதைகளில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றச் சொல்கிறார். ஃபாக்ஸின் கையெழுத்தும் பத்திரமாக இருக்கிறது. விசாரணைக்குப் பிறகு போட்டது கோணலும் கிறுக்கலுமாக, பெயர் முடிவதற்குள் அறுந்துபோகிறது.

நியூரம்பெர்க்குக்கு வடக்கே அருகிலேயே இருக்கும் பாம்பெர்க்கில், 1628இல், யோஹானஸ் யூனியுஸ் என்ற நகரத்தலைவரைச் சூனியக்காரன் என்று பிடித்தார்கள். கட்டைவிரல் திருகி, கால் இடுக்கி, கயிறு மூன்றையும் அனுபவித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பிறகு நைந்துபோன கைகளால் மகள் வெரோனிகாவுக்கு ரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். தான் சொன்னது எல்லாம் பொய், சொல்லாமல் தப்ப வழியில்லை என்று அதில் விளக்கினார். வதை செய்தவனே, எதையாவது கற்பனை செய்து சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இது நிற்காது என்று தன்னிடம் மன்றாடியதையும் எழுதினார். சீக்கிரமே அவரை எரித்துவிட்டார்கள். கடிதம் மகளைத் தாண்டி நம் காலம் வரை வந்துவிட்டது. இது இடைக்காலமே அல்ல, கலிலியோ வாழ்ந்துகொண்டிருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூனிய வேட்டை உச்சத்தில் இருந்தது அப்போதுதான்.

இன்னும் நூற்று நாற்பது ஆண்டு தள்ளி வாருங்கள். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் பெயரால் 1768இல் ஒரு குற்றவியல் சட்டத் தொகுப்பு வந்தது. அதன் பின்னிணைப்பில் அச்சிட்ட படங்கள்: கட்டைவிரல் திருகி எப்படி இருக்க வேண்டும், கயிற்றை எப்படிக் கட்ட வேண்டும், ஏணியில் ஆளை எப்படி நீட்ட வேண்டும். அளவுகள் உட்பட. அரசாங்கமே வெளியிட்ட செய்முறைக் கையேடு. பெக்காரியா இத்தாலியில் சித்திரவதைக்கு எதிராக எழுதிய நூல் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டே ஆண்டில், 1776இல், அதே பேரரசி சித்திரவதையை ஒழித்தார். பிரஷ்யா முன்பே கைவிட்டிருந்தது. நியூரம்பெர்க் சேர்ந்த பவேரியா ஒழித்தது 1806இல்.

இப்போது ஸீபென்கேஸின் காலத்தைத் திரும்பப் பார்க்கலாம். அவர் எழுதியபோது ஜெர்மனியின் பல பகுதிகளில் கயிறும் திருகியும் நேற்றைய சமாச்சாரம். சில இடங்களில் இன்றைய சமாச்சாரமே. அப்பாவின் தலைமுறை, படித்த நீதிபதிகளின் கையெழுத்தோடு செய்த காரியம். அதை நேராகப் பார்ப்பது சங்கடம். முந்நூறு ஆண்டுக்கு அப்பால் ஓர் ஆணிப் பெட்டியை நிறுத்திவிட்டால் கண் அங்கே போய்விடும். கொடுமை செய்தவர்கள் நம் முன்னோர் என்றாலும் நம்மைப் போன்றவர்கள் அல்ல, ஏதோ இருட்டுக் காலத்து மனிதர்கள் என்றாகிவிடும். வலி தாங்காமல் நடக்காததை ஒப்புக்கொண்ட கைதிகளைப் போலவே, இரும்புக் கன்னியும் இடைக்காலத்தின் வாயில் திணிக்கப்பட்ட ஒரு பொய் வாக்குமூலம்.

நியூரம்பெர்க் கோட்டையில் இருந்த கன்னி இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தது. அமெரிக்காவைச் சுற்றிய கன்னி 1960களின் தொடக்கத்தில் ஏலத்துக்கு வந்து, இப்போது ஜெர்மனியின் ரோத்தன்பர்க் நகரத்துக் குற்றவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு நகல். இத்தாலியிலும் பிராகிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சித்திரவதைக் காட்சிக்கூடங்கள் சுற்றுலாத் தலங்களாகவே நடக்கின்றன.

கதை அதோடு நின்றிருந்தால் இதை ஒரு வேடிக்கையாக விட்டுவிடலாம். 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்த பிறகு, ‘டைம்’ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. சதாம் உசேனின் மகன் உதய் தலைமை வகித்த ஈராக் ஒலிம்பிக் குழு வளாகத்தில், ஆள் உயரத்துக்கு உலோகத்தில் செய்த ஒரு பெட்டி கிடைத்தது. மேலே பெண் முகம், உள்ளே ஆணிகள், பயன்படுத்தித் தேய்ந்த தோற்றம். தோற்கும் விளையாட்டு வீரர்களை உதய் வதைப்பதாக முன்பிருந்தே குற்றச்சாட்டுகள் இருந்தன. ஜெர்மானியப் பேராசிரியரின் கதை, வியாபாரிகளின் கையில் பொருளாகி, படங்களாகி, கடைசியில் ஒரு சர்வாதிகாரியின் மகனுக்கு மாதிரி வடிவமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 1515இல் இல்லாத கருவி 2003இல் இருந்தது.

ஆனாலும் அந்த உதய்க்குமே பெட்டி அவசியமில்லை. அவனுடைய சிறைகளில் நடந்ததாகச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை கம்பும் கயிறும் மின்கம்பியும் கொண்டு நடந்தவை. ஐரோப்பாவில் சித்திரவதை ஒழிந்த விதமும் இதையே சொல்கிறது. யாரும் இயந்திரங்களை உடைத்து அதை ஒழிக்கவில்லை. வாக்குமூலம் இல்லாமலும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்துத் தண்டிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் மெல்ல மாறியபோதுதான் கயிற்றின் தேவை குறைந்தது என்பது லாங்பைன் முன்வைத்த விளக்கம். பெக்காரியா போன்றவர்களின் குரல் எடுபட்டதற்கும் அந்த மாற்றம் ஒரு காரணம்.

அதனால் அருங்காட்சியகத்தில் ஆணிகளை எண்ணுவதில் பயனில்லை. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிடிபட்டவன் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று யாராவது முடிவு செய்துவிட்டார்களா? அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் ஒரு முழம் கயிறு இருந்தாலே போதும்.